மதிலுக்கு அப்பால் பள்ளி

கோலாலம்பூரில் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம் அமைந்துள்ள ஜாலான் துன் எச்.எஸ். லீயிலிருந்து ஜாலான் பெட்டாலிங்குக்கு நடந்து செல்லச் சில நிமிடங்களே போதும். ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழியில் போய்விடலாம். பழைய நகரம் நடப்பவர்களுக்கும் மாட்டு வண்டிகளுக்கும் ஏற்றவாறு உருவானது. அங்குத் தெருக்கள் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன.

நகரம் மேற்கே வளர்ந்தபோது நிலைமை மாறியது. 1950களில் பெட்டாலிங் ஜெயா உருவானது. 1970களில் சீபீல்டு ரப்பர் தோட்டம் சுபாங் ஜெயாவாக மாறத் தொடங்கியது. தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் சீவிய வேறு பல தோட்டங்களும் இவ்வாறே வீடமைப்புப் பகுதிகளாயின. மேம்பாட்டு நிறுவனங்கள் அவரவர் வாங்கிய நிலத்துக்கு மட்டுமே சாலை வரைந்தன. அதனால் பல இடங்களில் தோட்டத்தின் பழைய எல்லைக்கோடே இன்று மதிலாகவோ பெரிய வடிகாலாகவோ நிற்கிறது. உள்ளே முட்டுச்சந்துகள், வெளியே வர ஒன்றிரண்டு வாசல்கள்.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு மாணவியின் வீட்டுக்குப் பின்புற மதிலைத் தாண்டி 200 மீட்டரில் பள்ளி இருப்பதாகக் கொள்வோம். மதிலில் வழி இல்லை. வாசலைச் சுற்றி நெடுஞ்சாலை வழியே சென்றால் 2 கிலோமீட்டர், அதாவது பத்து மடங்கு! நடக்க வேண்டிய பிள்ளை தந்தையின் காரில் ஏறுகிறாள். அந்தக் குடியிருப்பின் எல்லாக் கார்களும் ஒரே வாசலில் காலை ஏழு மணிக்கு வரிசை பிடிக்கின்றன. முட்டுச்சந்துக்குள் நுழையும் பேருந்து வந்த வழியே திரும்ப வேண்டும் என்பதால், பேருந்துத் தடமும் வெளிச்சாலையோடு நின்றுவிடுகிறது.

தெருக்களின் இணைப்பை அளக்கும் முறை எளிது. நான்கு சாலைகள் கூடும் சந்திப்புகள் எத்தனை, மூன்று கூடுபவை எத்தனை, முட்டுச்சந்துகள் எத்தனை என்று எண்ணுகிறார்கள். இத்தகைய அளவுகளைக் கொண்டு உலகத் தெரு வரைபடங்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2020இல் வெளியானது. மக்கள்தொகை மிகுந்த 134 நாடுகளில் 90 விழுக்காட்டு நாடுகளில், 1975க்குப் பிறகு அமைந்த புதிய குடியிருப்புகளின் தெருக்கள் முன்பைவிடக் குறைவாகவே இணைந்துள்ளன.

மதிலை விரும்புவோர் சொல்வதிலும் நியாயம் உண்டு. வெளி வாகனம் வராத தெருவில் பிள்ளைகள் பயமின்றிப் பந்து விளையாடலாம். திருட்டும் குறையும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆனால் கார் நுழையாமல் ஆள் மட்டும் நுழையும் ஒரு சிறு நடைவழி இந்த அமைதியைக் கெடுக்காது. வீட்டை இடித்துக் கட்டலாம். சாலைக்கோட்டை மாற்றுவது மிகக் கடினம். கட்டி முடிந்த குடியிருப்பில் மதிலைத் திறக்க அண்டை வீட்டார் அனைவரும் இசைய வேண்டும். வரைபடம் காகிதத்தில் இருக்கும்போதோ, அதற்கு ஒரு பென்சில் கோடு போதும்.