நெருப்பை அளக்கும் கம்பி

தியாகராய நகர் உஸ்மான் சாலையில் வளையல் வாங்கும் தாய்மார்கள் முதலில் தேடுவது ‘916’ என்ற எண்ணையே. ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம் என்பது அதன் பொருள். 2021-இல் 256 மாவட்டங்களில் ஹால்மார்க் முத்திரை கட்டாயமாயிற்று. அம்முத்திரையின் பின்னே ஓர் உலையும், உலைக்குள் ஒரு கம்பியும் உண்டு. அக்கம்பியைப் பற்றியதே இக்கட்டுரை.

உரைகல் குத்துமதிப்பையே கூறும். துல்லியம் வேண்டின் புடமிட வேண்டும். நகையிலிருந்து எடுத்த சிறு மாதிரியை எடைபோட்டு, வெள்ளி சேர்த்து, ஈயத்தகட்டில் சுற்றி, மக்னீசியாக் கிண்ணத்தில் இட்டு, காற்றோடும் உலையில் சுமார் 1100° செ. வரை சூடாக்குவர். ஈயமும் செம்பும் ஆக்சைடாகிக் கிண்ணத்தில் ஊறிவிடும். எஞ்சும் மணியிலுள்ள வெள்ளியை நைட்ரிக் அமிலம் கரைக்கும், மிஞ்சுவது தங்கம். வெப்பம் குறைந்தால் ஈய ஆக்சைடு உறைந்து வேலை நின்றுவிடும். மிகுந்தால் தங்கமும் சிறிது இழப்பாகும்.

இவ்வெப்பத்தை எதனால் அளப்பது? பாதரசம் 357°-யிலேயே கொதித்துவிடும். இரு வேறு உலோகங்களின் சந்திகள் வெவ்வேறு வெப்பநிலையில் இருந்தால் மின்னோட்டம் பிறக்கும் என்று 1821-இல் சீபெக் கண்டார். நம் ஆய்வுக்கூடத்துச் செம்பு–இரும்பு மின்னிரட்டை இதுவே. ஆனால் செம்பு 1085°-யில் உருகும். டங்ஸ்டன் 3422° வரை உருகாது; எனினும் சூடான காற்றில் ஆக்சைடாகி அழியும். உருகாதிருப்பது வேறு, எரியாதிருப்பது வேறு!

குரோமல்–அலுமல் இரட்டை 1000°-யில் 41 மில்லிவோல்ட் தரும். குரோமியம் ஆக்சைடுப் படலம் கம்பியைக் காக்கும். ஆயின் குறுகிய குழாய்க்குள் ஆக்சிஜன் குறைந்தால் குரோமியம் மட்டும் ஆக்சைடாகி, கம்பியின் சேர்மானமே மாறும். கம்பி அறுவதில்லை, அளவு மட்டும் மெல்லக் குறைந்து காட்டும். அதை நம்பி உலையை மேலும் சூடாக்குவோம். அறுந்த கம்பியைவிடப் பொய் சொல்லும் கம்பியே ஆபத்தானது.

எனவே 1886-இல் லெ சாட்லியே ஆய்ந்த பிளாட்டினம், பிளாட்டினம்–ரோடியம் இரட்டை ஏற்றது. 1000°-யில் 9.6 மில்லிவோல்ட்டே தரும். ஆனால் எளிதில் ஆக்சைடாகாது. அதன் பகைவன் ஈய ஆவி. ஆகவே ஒருமுனை மூடிய அலுமினாக் குழாய்க்குள் அதை வைப்பர். ஏற்கெனவே ஆக்சைடாக இருப்பதை ஆக்சிஜன் என்ன செய்ய முடியும்? குழாய் தடித்தால் வெப்பம் தாமதமாக எட்டும்; மெலிந்தால் விரிசல் விழும். வடிவமைப்பு என்பது இவ்விரண்டுக்கும் நடுவே வழி காண்பதுதான்.

இத்தனை காவலிருந்தும் நாளடைவில் ரோடியம் ஒரு கம்பியிலிருந்து மற்றதற்கு நகரும். ஆதலால் இரு கம்பிகளின் முனைகளைச் சிறு தங்கக் கம்பியால் இணைத்துச் சூடாக்கிப் பார்ப்பர். தங்கம் 1064°-யில் உருகி இணைப்பு அறும் வேளையில் கருவி காட்டும் அளவே அதன் பிழையைச் சொல்லிவிடும். தங்கத்தைச் சோதிக்க உதவும் கம்பியைத் தங்கமே சோதிக்கிறது!

நண்பர்களே, கால்வனாமீட்டர் முள் காட்டியதை விட்டுப் பாடநூல் விடையை எழுதும் நம் பழக்கத்தை எண்ணிப் பாருங்கள். அளவியின் பிழையை அறிவதும் அளவீடே.

— மூன்றாமாண்டு இயற்பியல் மாணவன்