கலப்பினக் காரின் நெடுஞ்சாலை எரிபொருள் கணக்கு

வெளி மின்னிணைப்பிலும் மின்னேற்றம் பெறும் 'பிளக்-இன் ஹைபிரிட்' கார், மின்கலத்தில் சேர்ந்த மின்சாரம் தீரும்வரை பெரும்பாலும் மின்சாரத்திலும், பின்னர் பெட்ரோலிலும் ஓடுகிறது. ஆகவே 'லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர்' என்ற ஒரே எண் இதற்குப் பொருந்தாது.

2016ஆம் ஆண்டு மாதிரி செவர்லே வோல்ட் காரை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீட்டின்படி, அது மின்சாரத்தில் 53 மைல், அதாவது சுமார் 85 கி.மீ. ஓடும், பின்பு பெட்ரோலில் காலனுக்கு 42 மைல், அதாவது லிட்டருக்குச் சுமார் 18 கி.மீ. கொடுக்கும். 100 கி.மீ. பயணத்தில் 15 கி.மீ.க்கு மட்டுமே பெட்ரோல் தேவை. லிட்டருக்கு 120 கி.மீ. என்று விடை வருகிறது. 400 கி.மீ. பயணத்திலோ 17.5 லிட்டர் செலவாகி, விடை 23 கி.மீ.யாகச் சுருங்குகிறது. முதல் விடையைக் கண்டு மயங்குதல் கூடாது. மின்சாரச் செலவு அதில் அடங்கவில்லை.

நெடுஞ்சாலையில் மின்சாரத்தில் ஓடும் தொலைவும் குறையும். காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப உயர்கிறது. பிரேக் பிடிக்கையில் மீளப்பெறும் ஆற்றலும் அங்கே சொற்பமே.

ஓட்டுபவர் மின்னேற்றம் செய்யாவிடில் இக்கணக்கு முழுவதுமே பொய்த்துவிடும். 2021இல் ஐரோப்பாவில் பதிவான இத்தகைய கார்களின் உண்மையான கரியமில வாயு வெளியீடு, சோதனைக்கூட மதிப்பைப்போல் சராசரியாக மூன்றரை மடங்கு என ஐரோப்பிய ஆணையம் 2024இல் அறிவித்தது. 2025 முதல் அங்கு புதிய மாதிரிகளுக்கு, மின்சார ஓட்டத்தின் பங்கு குறைத்தே கணக்கிடப்படுகிறது.