பணம் தந்தவருக்கே படத்தின் உரிமை

கேள்வி: வாடிக்கையாளருக்காகப் படமெடுக்கும் தொழில்முறை ஒளிப்படக் கலைஞர் தமது பணியை எவ்வாறு திட்டமிடுகிறார்?

பதில்: படம் எதற்காக, எந்த அளவில், எந்த நாளுக்குள் தேவை என்பதை வரையறுக்கும் எழுத்துக் குறிப்பே பணியின் அடிப்படையாகும். அதன்பின் இடத்தை முன்கூட்டிச் சென்று பார்ப்பதும், பெங்களூரில் ஏப்ரல், மே மாதங்களின் மாலை மழையைக் கருதி வெளிப்புறப் படப்பிடிப்பைக் காலையில் வைப்பதும், ஒரே படத்தை இரு நினைவக அட்டைகளில் பதிவுசெய்வதும் வழக்கம்.

1948-இல் பெங்களூரில் தோன்றிய டெக்கான் ஹெரால்டு நாளிதழில் பணியாற்றிய ஒளிப்படக் கலைஞர் டி. எஸ். சத்யன் (1923–2009), பின்னர் யூனிசெஃப், உலக சுகாதார நிறுவனம் ஆகியவற்றின் பணிகளை ஏற்றார்; அவருடைய குழந்தைப் படங்கள் 1979-ஆம் ஆண்டு, பன்னாட்டுக் குழந்தைகள் ஆண்டையொட்டி, நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. பிறர் கேட்டு எடுக்கும் படத்தில் கலை குன்றும் என்னும் கருத்து (கலைஞர்களிடையே இது இன்றும் உண்டு) பொருந்தாதது என்பதற்கு இதுவே போதிய சான்று.

பெரும்பாலோர் கவனியாது விடுவது சட்டம்தான். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் கட்டணம் தந்து எடுப்பித்த ஒளிப்படத்தின் முதல் உரிமையாளர், மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில், கட்டணம் தந்தவரே ஆவார், எடுத்தவர் அல்லர். ஆகவே, தம் படைப்புத் தொகுப்பில் அப்படத்தைக் காட்ட விரும்புவோர், அதற்கான ஒப்புதலை முன்பணம் பெறும்போதே எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.