முதலில் ஒரு கைவேலை: கியெர்மோ தெல் தோரோவின் வழி

இயக்குநராக வேண்டும் என்பவர்கள் பெரும்பாலும் கதையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வாய்ப்புத் தேடுகிறார்கள். கூடவே ஒரு வேலையையும் கற்றுக்கொண்டு தேடுங்கள் என்பேன். மெக்சிகோவின் குவாதலஹாராவில் 1964இல் பிறந்த கியெர்மோ தெல் தோரோ அப்படித்தான் உள்ளே வந்தார்.

அவர் கற்றது சிறப்பு ஒப்பனை. 'எக்ஸார்சிஸ்ட்' படத்தின் ஒப்பனைக் கலைஞர் டிக் ஸ்மித்திடம் பயின்றார். பிறகு 'நெக்ரோப்பியா' என்ற நிறுவனத்தைத் தொடங்கி, ஏறத்தாழ பத்து ஆண்டுகள் மற்றவர்களின் படங்களுக்கு வேலை செய்தார். பிழைப்பும் நடந்தது, படப்பிடிப்புத் தளமும் பழகியது. 1993இல் அவருடைய முதல் படம் 'க்ரோனோஸ்' கான் விழாவில் விமர்சகர் வாரப் பிரிவில் பரிசு பெற்றது.

அந்தக் கைவேலைதான் பின்னாளில் அவருடைய பாணியானது. 'பான்ஸ் லேபரிந்த்' (2006) படத்தின் ஆட்டுக்கால் பிராணியும், உள்ளங்கையில் கண் வைத்த பிசாசும் டக் ஜோன்ஸ் என்ற நடிகர் ஒப்பனைக்குள் புகுந்து உயிர் கொடுத்தவை. வண்ணத்திலும் அதே கண்டிப்பு: ராணுவத் தளபதியின் உலகம் குளிர்ந்த நீலம், நேர்கோடுகள், சிறுமியின் உலகம் பொன்னிறம், வளைவுகள். இப்படி முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் தையல்காரர் முதல் விளக்குக்காரர் வரை யாரும் உங்களைத் தேடி ஓடிவர வேண்டியதில்லை. ஒளிப்பதிவு, கலை இயக்கம், ஒப்பனை என மூன்று ஆஸ்கர்கள் அந்தப் படத்துக்குக் கிடைத்தன. மூன்றும் அவருடைய குழுவின் கைகளுக்குக் கிடைத்தவை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

குறிப்பேடு வையுங்கள். அவர் படம் வரைந்து, பக்கத்திலேயே எழுதிவைப்பவர். 'பான்ஸ் லேபரிந்த்' படத்துக்கான குறிப்பேட்டை லண்டனில் ஒரு டாக்சியில் தவறவிட்டார். ஓட்டுநர் தேடிவந்து கொடுத்தார். உங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்காமல் போகலாம், நகல் எடுத்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், இறுதி வடிவத்தை முடிவு செய்பவர் யார் என்று கேளுங்கள். அமெரிக்க நிறுவனத்துக்காக எடுத்த 'மிமிக்' (1997) படத்தில் அந்த அதிகாரம் அவரிடம் இல்லை. தயாரிப்புத் தரப்போடு ஓயாத போராட்டம். தன் விருப்பப்படி தொகுத்த வடிவம் வெளிவர 2011 வரை காத்திருந்தார். ஆனால் முடங்கிவிடவில்லை. ஸ்பெயினுக்குப் போய், பெத்ரோ அல்மோதோவர் தயாரிப்பில் 'தி டெவில்ஸ் பேக்போன்' (2001) எடுத்தார். அடிபட்ட பிறகு சிறிய, சுதந்திரமான வேலைக்குத் திரும்புவது பின்வாங்கல் அல்ல. 'தி ஷேப் ஆஃப் வாட்டர்' சிறந்த படம், சிறந்த இயக்குநர் உட்பட நான்கு ஆஸ்கர்களை 2018இல் வென்றது அதற்கெல்லாம் பிறகுதான்.

கைவிடப்பட்ட திட்டங்களைக் கிழித்துப் போடாதீர்கள். திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டின் கதையை வைத்து அவர் பல ஆண்டு உழைத்த படத்தை 2011இல் ஸ்டுடியோ நிறுத்தியது. ஆனால் அதேபோல் நெடுங்காலம் மனத்தில் சுமந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' 2025இல் திரைக்கு வந்தது.