புது மரமேடை

கேரளத்தில் ஆலப்புழை. அங்கே கால்வாய்கள் அதிகம். கால்வாய்க் கரையில் ஒரு கணவனும் மனைவியும் தேநீர்க் கடை வைத்திருந்தார்கள். படகில் வருவோர் இறங்குவதற்காகக் கடைமுன் ஒரு மரமேடை போட்டார்கள். ஆஞ்சிலிப் பலகை. மகளிர் குழுவில் வாங்கிய கடன் பணம்.

அது மே மாதத் தொடக்கம். ஜூன் பிறந்தால் மழை வந்துவிடும்.

"இன்றே எண்ணெய் பூசிவிடுவோம்" என்றார் கணவர்.

மனைவி டப்பாவில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். "நன்றாகக் காய்ந்த மரத்தில்தான் பூச வேண்டுமாம்" என்றார்.

அந்த வழியே வந்த வயதான படகுக்காரர் நின்றார். "மகள் சொல்வது சரி தம்பி. பலகையில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்" என்றார்.

சொட்டுகள் முத்து முத்தாக மேலேயே நின்றன.

"பார்த்தாயா? மரம் எண்ணெயைக் குடிக்காது. ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் பூச்சு உரியும். மரமும் உளுத்துப் போகும். எங்கள் கெட்டுவள்ளத்தில் ஆணி கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைப்போம். முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவோம். அந்த எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். அதனால் உனக்கு ஆளிவிதை எண்ணெய் போதும்."

இருவரும் இரண்டு வாரம் காத்திருந்தார்கள். மழை தூறினால் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். பிறகு உப்புத்தாள் கொண்டு தேய்த்தார்கள். மறுபடியும் தண்ணீர் விட்டார்கள். மரம் உடனே குடித்தது.

எண்ணெயில் காவிப்பொடி கலந்தார்கள். வெயில் மரத்தை வெளுக்கச் செய்யும். காவி அதைத் தடுக்கும். வெயில் ஏறுமுன் மெல்லியதாகப் பூசினார்கள். பலகையின் அறுத்த முனைகள் அதிகம் குடிக்கும். அங்கே இரண்டு முறை பூசினார்கள். மிஞ்சிய எண்ணெயைத் துணியால் துடைத்தார்கள்.

துணிகளைச் சுருட்டிக் கடை மூலையில் போட்டார்கள். கடைக்கு ஓலைக் கூரை.

அன்று இரவு மனைவிக்குப் புகை நாற்றம் வந்தது. எழுந்து ஓடினார். துணிக்குவியல் புகைந்துகொண்டிருந்தது! ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினார்.

யாரும் தீ வைக்கவில்லை. ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. சூடு ஏறி ஏறித் துணி தானே பற்றிக்கொள்ளும்.

காலையில் மனைவி டப்பாவை மறுபடி எடுத்தார். கடைசி வரியில் அதுவும் அச்சாகியிருந்தது. முதல் வரியோடு அவர் நிறுத்திவிட்டிருந்தார்.

மழை வந்தது. மேடைமேல் தண்ணீர் உருண்டு ஓடியது. இப்போது ஆண்டுதோறும் மழைக்கு முன் சொட்டுவிட்டுப் பார்க்கிறார்கள். மரம் தண்ணீரைக் குடித்தால் மறுபடி பூசுகிறார்கள்.

நினைவில் கொள்வோம்
1. மரம் காய்ந்த பிறகே பூச வேண்டும்.
2. மெல்லியதாகப் பூச வேண்டும். மிஞ்சியதைத் துடைக்க வேண்டும்.
3. எண்ணெய்த் துணியைத் தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகர டப்பாவில் போட வேண்டும்.
4. டப்பாவில் உள்ளதைக் கடைசி வரி வரை படிக்க வேண்டும்.

பயிற்சி
1. தண்ணீர்ச் சொட்டு மேலேயே நின்றால் என்ன பொருள்?
2. துணி ஏன் புகைந்தது?
3. உங்கள் வீட்டில் வெயிலிலும் மழையிலும் நிற்கும் மரப் பொருள்கள் எவை? எழுதுங்கள்.