ஒரே அழுகையில் ஆறிவிடுமா?

மனதில் கிடப்பதையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டி, வாய்விட்டு அழுதுவிட்டால் மனக்காயம் ஆறிவிடும் என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அமெரிக்காவில் 2002 முதல் 2023 வரை ஓடிய ‘டாக்டர் ஃபில்’ போன்ற நிகழ்ச்சிகள் இதற்கு நன்றாகவே எரு போட்டன. முதலில் அதட்டல், பிறகு அழுகை, கடைசியில் கைதட்டல். ஒரு மணி நேரத்தில் ஒரு குடும்பமே திருந்திவிடுகிறது. விளம்பரங்களைக் கழித்தால் அந்த ஒரு மணி நேரமும் இல்லை! இதையே சிகிச்சை என்று நம்பி வருகிறவர், இரண்டாம் சந்திப்பிலேயே ‘ஒன்றும் நடக்கவில்லையே’ என்று நின்றுவிடுவதில் வியப்பென்ன? உளவியலாளர் ஹோவர்டும் சக ஆய்வாளர்களும் 1986இல் உளச்சிகிச்சை பற்றிய பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழப் பாதிப் பேர் தேற 8 அமர்வுகளும், முக்கால்வாசிப் பேர் தேற 26 அமர்வுகளும் ஆகின. கொட்டித் தீர்ப்பதன் லட்சணத்தையும் பார்த்துவிடலாம். 2002இல் உளவியலாளர் பிராட் புஷ்மன் வெளியிட்ட சோதனையில், தன்னைச் சீண்டியவரை நினைத்தபடி குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியதே தவிரத் தணியவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தவர்களே தேவலை.

மனநோயைப் பற்றி வெட்கமில்லாமல் பேச வைத்தது தொலைக்காட்சிதானே என்பார்கள். உண்மைதான், ஓப்ரா வின்ஃப்ரே நிகழ்ச்சிக்கு அந்தப் பெருமை உண்டு. ஆனால் பேச வைப்பது வேறு, குணமாக்குவது வேறு. சிகிச்சை அறையில் ரகசியம் காப்பது முதல் விதி. அரங்கிலோ ரகசியம்தான் விற்பனைச் சரக்கு. பிரிட்டனின் ‘ஜெரமி கைல்’ நிகழ்ச்சியை ஐடிவி 2019 மே மாதம் நிறுத்தியது, பொய் கண்டறியும் சோதனைக்கு உட்பட்ட பங்கேற்பாளர் ஒருவர் இறந்த பிறகுதான். அந்தக் கருவியைப் பற்றிய நம்பிக்கைக்கு ஒரு வரி போதும்: அது அளப்பது மூச்சு, நாடி, வியர்வை, பயந்தவனுக்கும் இவை மாறும். இந்த நிகழ்ச்சிகளைப் பார்த்து, ஆலோசகர் தீர்ப்புச் சொல்வார் என்று நினைப்பதும் தவறு. அவர் நாட்டாமை இல்லை.

பிரபலமாக இருப்பதே தகுதி என்ற நினைப்புதான் எல்லாவற்றையும்விட மோசம். ‘டாக்டர் ஃபில்’ நிகழ்ச்சியை நடத்திய ஃபில் மெக்ராவிடம் உளவியல் முனைவர் பட்டம் இருந்தது. டெக்சாஸ் உரிமத்தை 2006க்குப் பிறகு அவர் புதுப்பிக்கவில்லை. நிகழ்ச்சி நடத்த அது தேவையுமில்லை. சிகிச்சைக்குத் தேவை. நம் ஊரில் மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவரிடம் இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.