ஸ்பீக்கர் கம்பி: கடைக்குப் போகும் முன் ஒரு கணக்கு

சிங்கப்பூர் கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள அடெல்ஃபி கட்டடத்திற்குப் போயிருக்கிறீர்களா? உயர்தர ஒலிச்சாதனக் கடைகளுக்குப் பேர்போன இடம். பிடித்த ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்தெடுத்து முடித்ததும் அடுத்த கேள்வி வரும்: "இதற்கு எந்தக் கேபிள் போடப் போகிறீர்கள்?" மலைப்பாம்பு போல் தடித்த கேபிள்கள் சிலவற்றின் விலை ஆம்ப்ளிஃபயரின் விலையையே எட்டிப் பிடிக்கும். பணத்தை எடுக்கும் முன் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். பள்ளியில் படித்த ஓம் விதி போதும்.

2.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.007 ஓம். ஸ்பீக்கர் 5 மீட்டர் தள்ளி இருந்தால், மின்னோட்டம் போய்த் திரும்ப 10 மீட்டர், ஆக 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரின் முன் இது ஒரு விழுக்காடுகூட இல்லை. காதுக்குத் தெரியாது.

அதே தூரத்திற்கு 0.5 சதுர மில்லிமீட்டர் மெல்லிய கம்பியைப் போட்டால் 0.34 ஓம். இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஸ்பீக்கரின் பின்னால் அச்சிட்டுள்ள '4 ஓம்' நிலையான எண் அல்ல. ஓர் அதிர்வெண்ணில் அது 3 ஓமுக்கு இறங்கலாம். வேறோர் அதிர்வெண்ணில் 20 ஓமுக்கு ஏறலாம். 3 ஓம் இடத்தில் அந்த மெல்லிய கம்பி சுமார் 0.9 டெசிபலை விழுங்கிவிடும். 20 ஓம் இடத்திலோ 0.15 டெசிபல்தான். ஒலி ஒரே சீராகக் குறைந்தால் வால்யூமைக் கூட்டிக்கொள்ளலாம். இப்படி ஏறுமாறாகக் குறைந்தால் நாதமே மாறிவிடும். ஆகவே, கேபிளை மாற்றியதும் பாட்டு வேறு மாதிரிக் கேட்டது என்பவர்கள் எல்லாரும் கற்பனை செய்யவில்லை. அவர்கள் முன்பு போட்டிருந்தது மெல்லிய கம்பியாக இருந்திருக்கலாம்.

கம்பியின் மொத்த மின்தடை ஸ்பீக்கர் ஓமில் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான கணக்கு. நான் 2 விழுக்காட்டுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்வேன். அதற்கே அதிகம் செலவாகாது. வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் இன்னும் நிம்மதியாக இருக்கலாம். அதன் உள்ளேயே ஓர் ஓம் அளவுக்கு மறிப்பு இருப்பது சாதாரணம் என்பதால், கம்பியில் 0.03 ஓம் மிச்சம் பிடிப்பதால் பெரிய மாற்றம் வராது.

தடிமன் மட்டும் பார்த்தால் போதாது. இழைகளை மிக நெருக்கமாகப் பின்னிய சில கேபிள்களுக்கு மின்தேக்குத்திறன் அதிகம். அதைத் தாங்காத ஆம்ப்ளிஃபயர், நமக்குக் கேட்காத உயர் அதிர்வெண்ணில் தானாகவே அதிரத் தொடங்கிச் சூடேறும், பழுதும் ஆகலாம். பிரிட்டனின் நெய்ம் நிறுவனம் தன் ஆம்ப்ளிஃபயர்களுக்குக் குறைந்தது 3.5 மீட்டர் கேபிள் போடச் சொன்னது இதனால்தான். பிற தயாரிப்பாளர்கள் வெளியீட்டில் வைக்கும் சுருளை அது தவிர்த்து, கேபிளின் மின்தூண்டலையே நம்பியிருந்தது. உங்கள் ஆம்ப்ளிஃபயரின் கையேட்டில் இப்படி ஏதாவது குறிப்பு இருந்தால், கடைக்காரர் சொல்வதைவிட அதற்கே மதிப்புக் கொடுங்கள்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கும்போது கம்பியின் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி நிறம் என்றால் அது செம்புப் பூச்சுள்ள அலுமினியம். மின்தடை செம்பைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் ஓர் அளவு தடித்ததாக வாங்குங்கள்.

வீட்டில் ஏற்கெனவே நல்ல செம்புக் கம்பி இருக்கிறதா? நம் ஊர் ஈரப்பதத்தில் அதன் நுனி கறுத்தோ பச்சை பூத்தோ இருக்கும். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, அந்த ஓர் அங்குலத்தை வெட்டி, புதிதாகச் சீவி, இறுக்கி முடுக்குங்கள். சிவப்பு முனை சிவப்பிலும் கறுப்பு முனை கறுப்பிலும் சேர்ந்திருக்கிறதா என்று இரண்டு ஸ்பீக்கரிலும் பாருங்கள். ஒன்றில் மாறியிருந்தாலும் தாழ்சுருதி பாதி காணாமல் போகும்.